திருப்பிப் படித்துக் காட்டிய சப் இன்ஸ்பெக்டர்

எங்கள் கம்பெனி பஸ்ஸில் ஒரு சட்டம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை சீரியலைப் பற்றித் திங்கட்கிழமை காலையில் பெரியபாளையம் தாண்டுகிற வரைக்கும் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. பெரியபாளையத்தில் ஏழு பேர் ஏறுவார்கள். அதற்கு முன்னாலேயே பேசி முடித்துவிட்டால் அவர்கள் ஏறியதும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள், ஒரே கதையை இரண்டு தரம் கேட்டுக்கொண்டு வண்டி ஓட்ட முடியாது என்று டிரைவர் போட்ட சட்டம் அது. சீரியலைப் பார்க்காதவர்கள் கடைசி சீட்டுக்குப் போய்விட வேண்டும். முன்னால் உட்கார்ந்துகொண்டு காதைப் பொத்துகிறவர்களுக்கு எங்கள் பஸ்ஸில் மரியாதை கிடையாது.

நான் செவ்வாப்பேட்டையில் ரயில் ஏறி, திருவள்ளூரில் இறங்கி, அந்த பஸ்ஸைப் பிடிப்பேன். கும்மிடிப்பூண்டி போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் ஆகும். வண்டிகளுக்கு வேண்டிய பாகங்களை இரும்புத் தகட்டில் அடித்தெடுக்கிற தொழிற்சாலை. அடித்து வருகிற பாகம் சரியாக இருக்கிறதா என்று அளந்து பார்ப்பது என் வேலை. அதோடு இன்னொரு வேலையும் என் தலையில் விழுந்திருந்தது. யாருக்காவது அடிபட்டால் அந்த விவரத்தைப் பதிவேட்டில் எழுதுவது. டிப்ளமா படித்ததற்காக அது வரவில்லை, கையெழுத்து நன்றாக இருந்ததற்காக வந்தது. அப்பாவும் அம்மாவும் ஊரார் வயலில் கூலிக்கு இறங்கியவர்கள். அவர்கள் மகள் எழுதினதைத் தொழிற்சாலை மேனேஜர் கையில் வாங்கிப் படிக்கிறார் என்பதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது. கொஞ்சம் என்ன, நிறையவே இருந்தது.

பஸ்ஸில் என் பக்கத்து சீட்டு ஒரு அக்காவுடையது. எனக்கு முன்னாலேயே வந்து ஏறி, சாப்பாட்டுப் பையை என் இடத்தில் வைத்துப் பிடித்து வைத்திருப்பார். பேக்கிங் பிரிவில் வேலை. அதற்கு முன்னால் தகடு அடிக்கிற பிரஸ் மெஷினில் இருந்தார். வலது கையில் நடுவிரலும் மோதிர விரலும் பாதிக்கு மேல் கிடையாது. இரண்டும் அந்த மெஷினில் போனவை, இரண்டரை வருஷம் ஆகிறது. அக்கா பல வருஷமாக ஒப்பந்தத் தொழிலாளி. பழைய ஆட்களில் சிலரைப் பொறுக்கி கம்பெனி எப்போதாவது பர்மனென்ட் ஆக்கும். விபத்துக்குப் பிறகு ஒரு லிஸ்ட் வந்தது. கூட வேலைக்குச் சேர்ந்தவர்கள் பெயரெல்லாம் இருந்தது, அக்கா பெயர் இல்லை. பதிவேட்டில் 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று இருக்கிறவர்களை எடுக்க மாட்டார்கள் என்று ஆபீசில் சொன்னார்கள். நான் சொல்ல வருகிற திங்கட்கிழமைக்கு அடுத்த மாதம் மறுபடி லிஸ்ட் வர வேண்டும். அதிலும் விட்டுப்போனால் வயசு தாண்டிவிடும், பிறகு எந்த லிஸ்டிலும் வராது.

பதிவேட்டில் அந்த வார்த்தையை எழுதியது நான்.

முதலில் சீரியலைச் சொல்லிவிடுகிறேன். அது வாரத்துக்கு ஒரு கேஸ் துப்பறிகிற சீரியல். கறுப்புக் கண்ணாடி போட்ட இன்ஸ்பெக்டர்தான் ஹீரோ. அவர் மோப்பம் பிடிக்காத விஷயம் கிடையாது. அவர் பின்னால் ஃபைலைத் தூக்கிக்கொண்டு ஒரு வயதான சப் இன்ஸ்பெக்டர் வருவார். ஒல்லியான ஆள், தொளதொளவென்று சட்டை. இத்தனை நாளில் அவர் பேசிய வசனத்தை எண்ணிவிடலாம். "சார், வண்டி ரெடி" என்பார். "சார், டீ ஆறிடும்" என்பார். அந்த ஞாயிற்றுக்கிழமை ஹீரோ வரவே இல்லை. லீவில் போய்விட்டதாக முதல் காட்சியிலேயே சொல்லிவிட்டு, ஒரு மணி நேரத்தையும் இந்த சப் இன்ஸ்பெக்டர் தலையில் கட்டிவிட்டார்கள்.

கேஸும் பெரிய கேஸ் இல்லை. ஒரு அரிசி ஆலையில் மோட்டார் திருட்டு. திருடனைத் தூரத்திலிருந்து பார்த்தவர் ராத்திரி வாட்ச்மேன் ஒருவர்தான். சப் இன்ஸ்பெக்டர் அவரை உட்கார வைத்து, அவர் சொல்லச் சொல்ல வாக்குமூலம் எழுதுகிறார். எழுதி முடித்ததும் கையெழுத்து வாங்கவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, எழுதினதை முதல் வரியிலிருந்து திருப்பிப் படித்துக் காட்டுகிறார். பாட்டு இல்லை, பின்னணி இசை இல்லை. மின்விசிறிச் சத்தமும் அவர் குரலும்தான். 'அந்த நபர் மதில் பக்கமாக ஓடினார்' என்று படித்ததும் வாட்ச்மேன் தலையைத் தூக்குகிறார். "ஓடல சார். நடந்துதான் போனான். நான் ஓடினான்னு சொல்லலியே" என்கிறார். சப் இன்ஸ்பெக்டர் தானாகத்தான் 'ஓடினார்' என்று எழுதியிருக்கிறார். திருடன் என்றால் ஓடத்தானே வேண்டும்? அந்த ஒரு வார்த்தையை அடித்துத் திருத்தியதில் கேஸ் திரும்பிவிடுகிறது. ஓடாமல் நடந்து போகிறவன் வெளியாளாக இருக்க மாட்டான். ஆலையில் பழகினவன்தான்.

அந்தத் திங்கட்கிழமை பெரியபாளையம் கோயில் வளைவைத் தாண்டியதும் பஸ்ஸுக்குள் கூச்சல் கிளம்பியது. முதலில் எழுந்தவர் முலாம் பூசும் பிரிவில் இருக்கிற அண்ணன். பஸ்ஸிலேயே குரல் பெரியது அவருக்குத்தான்.

"நாலு நிமிசம்பா! நாலு நிமிசம் உக்காந்து படிக்கிறான். நான் எழுந்து போயி ரெண்டு தோச சாப்ட்டு கை கழுவிக்கினு வந்தா, இன்னும் படிச்சிக்கினு இருக்கான்."

ஸ்டோர்ஸில் கணக்கு எழுதுகிறவர், "ஹீரோ இல்லாத எபிசோடு உப்பு இல்லாத கூழு மாதிரி" என்றார். ஹீரோ வேறு படத்துக்குப் போய்விட்டதாகவும், அதனால்தான் இந்தக் கிழவனை வைத்து ஒப்பேற்றுகிறார்கள் என்றும் அவருக்கு யாரோ சொன்னார்களாம். கேன்டீனில் வேலை செய்கிற அம்மா மட்டும், சப் இன்ஸ்பெக்டர் ஷூவின் பின்பக்கம் தேய்ந்து சாய்ந்திருந்ததைப் பார்த்துத் தனக்கு அழுகை வந்துவிட்டது என்றார். "ஷூவுக்கா அழுதீங்க?" என்று எல்லோரும் சிரித்தார்கள். டிரைவர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தபடி, "இன்னா நைனா, போலீஸுன்னா ஒரு தொப்பையாவது இருக்க வேணாமா?" என்றார்.

என்னிடமும் கேட்டார்கள். எப்போதும் கடைசியில் என்னிடம் கேட்பார்கள். எழுத்து வேலை பார்க்கிறவள், நான் சொன்னால் தீர்ப்பு மாதிரி. நானும் தொண்டையைச் செருமிக்கொண்டுதான் சொல்வேன். அன்றைக்குச் சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

"தேவையில்லாத சீன். என்ன எழுதியிருக்கோம்னு எழுதறவனுக்குத் தெரியாதா? அதை எதுக்கு உக்காந்து திருப்பிப் படிக்கணும்? கதைக்காகப் பண்ணது."

முலாம் அண்ணன் கை தட்டினார். விஷயம் முடிந்தது என்று நினைத்தேன். அப்போது பக்கத்திலிருந்து அக்கா, ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னார்.

"எனக்கு அந்த சீன்தாம்மா புடிச்சிது. கேட்டு எழுதறவங்க எல்லாம் திருப்பிப் படிச்சா காட்றாங்க?"

யாரும் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. பேச்சு அடுத்த வாரக் கேஸுக்குப் போய்விட்டது. எனக்கு மட்டும் முகம் சூடாகிவிட்டது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்கு இரண்டரை வருஷமாகக் குறுகுறுக்கவே இல்லை, அதுதான் உண்மை. அன்றைக்குத்தான் ஆரம்பித்தது.

மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் போனை எடுத்து, அந்த எபிசோடுக்குக் கீழே ஊர் பேர் தெரியாதவர்கள் போட்டிருந்த கருத்துகளைப் படித்தேன். 'சைடு கேரக்டருக்கு எதுக்கு ஒரு மணி நேரம்' என்று ஒருவர். 'கதையே இல்லை' என்று ஒருவர். 'எங்க அப்பா ஸ்டேஷனில் எழுத்தர். வீட்டில் மளிகை லிஸ்டைக்கூட அம்மாவுக்குத் திருப்பிப் படித்துக் காட்டுவார்' என்று ஒருவர் எழுதியிருந்தார். அதற்குக் கீழே சிரிப்பு பொம்மைகளாகப் போட்டிருந்தார்கள். நானும் ஏதோ எழுத ஆரம்பித்தேன். நான்கு வார்த்தை அடித்துவிட்டு அழித்துவிட்டேன்.

இனி விபத்தைச் சொல்ல வேண்டும். பிரஸ் மெஷினில் இந்தப் பக்கம் ஒரு பட்டன், அந்தப் பக்கம் ஒரு பட்டன் இருக்கும். இரண்டு கையாலும் இரண்டையும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் மேலிருந்து அச்சு இறங்கும். இரண்டு கையும் பட்டனில் இருந்தால் எந்தக் கையும் அச்சுக்கு அடியில் இருக்காது. செய்தவர்கள் நன்றாக யோசித்துத்தான் செய்திருக்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு தகட்டுக்கும் இரண்டு கையையும் எடுத்து எடுத்து வைத்தால் டார்கெட் முடியாது. அதனால் வலது பட்டனை அழுத்தி, எழும்பாதபடி அதன் இடுக்கில் ஒரு மரக்கட்டையைச் செருகிவிடுவார்கள். பிறகு இடது கை பட்டனுக்கு, வலது கை தகட்டுக்கு. எங்கள் பிரஸ் பிரிவில் கட்டை இல்லாதவர் கிடையாது. புதிதாக ஒருவர் வந்தால் பழையவர் ஒருவர் ஆப்பு மாதிரி ஒன்று சீவிக் கொடுப்பார். கட்டை மாறிப்போகாமல் இருக்க ஆளுக்கு ஒரு பெயின்ட். ஆயுத பூஜையன்று மெஷினுக்குப் பொட்டு வைக்கிறவர்கள் கட்டைக்கும் சேர்த்து வைப்பார்கள். சூபர்வைசர் பூஜைப் பொரியை வாங்கித் தின்பார். வெளியிலிருந்து ஆய்வுக்கு ஆள் வந்தால் மட்டும் கட்டைகள் எல்லாம் சாப்பாட்டுப் பைக்குள் போய்விடும்.

அக்காவின் கட்டை பச்சை. அன்று காலை ஷிஃப்டில் நான் இரண்டு மெஷின் தள்ளி நின்று அளந்துகொண்டிருந்தேன். ஒரு மெஷினின் சத்தம் மட்டும் நின்றது. திரும்பிப் பார்த்தால் அக்கா தரையில் உட்கார்ந்து, ஒரு கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டிருந்தார். கத்தவில்லை. எல்லோரும் ஓடி வந்து கையில் துணி சுற்றினார்கள். சூபர்வைசர் மெஷினைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "மேனேஜர் போட்டோ எடுக்க வர்றாரு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அக்காவைத் தூக்கிக்கொண்டு போவதற்கு முன்னாலேயே நான் கட்டையை உருவி என் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டேன். எடு என்று யாரும் சொல்லவில்லை. பிரிவுக்குக் கெட்ட பெயர் வரக் கூடாது என்று நினைத்ததாகப் பிற்பாடு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த நேரத்தில் எதையும் நினைக்கவில்லை. கை தானாகப் போய் எடுத்தது. ஆய்வுக்கு ஆள் வந்தால் எடுக்கிற மாதிரி.

மறுநாள் ஆஸ்பத்திரிக்கு நானும் சூபர்வைசரும் போனோம். அக்காவின் வலது கை மணிக்கட்டு வரை கட்டுக்குள் இருந்தது. என்ன நடந்தது என்று கேட்டேன். "கட்டை போட்டுக்கினு ஓட்டினேன். தகடு கோணிக்கிச்சு, நவுத்தப் போனேன், எறங்கிடுச்சு" என்றார். நான் எழுதியது இது: 'மேற்படி தொழிலாளி இயந்திரத்தை இயக்கிக்கொண்டிருந்த சமயம், தமது கவனக்குறைவினால் வலது கையை அச்சினுள் வைத்தமையால் காயம் ஏற்பட்டது.' கட்டை அதில் இல்லை. ஒரே வாக்கியம், அடித்தல் திருத்தல் இல்லாமல் வந்தது. எனக்கு அந்த வாக்கியம் பிடித்திருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். மை டப்பாவை நீட்டினேன். அக்கா இடது கைப் பெருவிரலை வைத்தார். நான் படித்துக் காட்டவில்லை.

பச்சைக் கட்டையைத் தூக்கிப் போடவும் இல்லை. என் மேஜை டிராயரில், அளவுகோல் பெட்டிக்குக் கீழே கிடந்தது.

அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம் திரும்பி வருகிற பஸ்ஸில் கேட்டுவிட்டேன். பஸ்ஸில் பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள், முலாம் அண்ணனுடைய குறட்டை மட்டும் கேட்டது.

"காலைல சொன்னீங்களேக்கா, யாரும் திருப்பிப் படிச்சுக் காட்றதில்லன்னு. யாரைச் சொன்னீங்க?"

"சீரியலைத்தான் சொன்னேன்."

கவரப்பேட்டை வந்தது. ரயில்வே கேட் பக்கம் நெரிசலில் பஸ் நின்றது. அக்கா மடியிலிருந்த பையை நிமிர்த்தி வைத்தார்.

"உன்னியும்தான் சொன்னேன்" என்றார்.

"நான் எழுதினது இன்னான்னு உங்களுக்குத் தெரியுமா?"

"ஏன் தெரியாம? நீ எழுதிக்கினு இருக்கசொல்லவே எதிர்ப்பக்கமா படிச்சிட்டேன். எட்டாவது வரைக்கும் படிச்சிருக்கேம்மா நானு. கையில கட்டு போட்டிருந்துச்சு, அதான் நாட்டு வெச்சேன். கண்ணுலயா கட்டு போட்டிருந்தாங்க?"

கைநாட்டு வைத்ததைப் பார்த்ததும் இவருக்குப் படிக்கத் தெரியாது என்று நான் முடிவு கட்டியிருக்கிறேன். இரண்டரை வருஷமாக அந்த முடிவு எனக்குள் இருந்ததே எனக்குத் தெரியாது. நாற்று நட்ட கைகளுக்குப் பிறந்தவள் நான். என் அம்மாவும் கைநாட்டுதான். அம்மாவிடம் யாராவது இப்படி ஒரு காகிதத்தை நீட்டியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன்.

"அப்பவே கேட்டிருக்கலாமேக்கா."

"இன்னான்னு கேக்கறது? வெரலு போச்சு, வேலையும் பூடப்போவுதேன்னு பயம். அப்பறம் நீயே வந்து சொல்லுவேன்னு பார்த்துக்கினு இருந்தேன். பக்கத்துலதான உக்கார்ற, எங்க போயிடப் போறன்னு."

கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பதில் சொல்ல வாய் இருக்கிறது, சண்டை போட்டுத் தப்பித்திருப்பேன். அக்கா சாதாரணமாகத்தான் சொன்னார். ஒவ்வொரு நாள் காலையிலும் அந்தச் சாப்பாட்டுப் பை எனக்கு இடம் பிடித்து வைத்தது இதற்குத்தான் என்று நினைத்தபோது எனக்கு அவமானமாக இருந்தது. அழுகை வரவில்லை. அழுதால் அதையும் அக்காதான் சமாதானப்படுத்த வேண்டியிருக்கும்.

இரண்டு நாள் உட்கார்ந்து புதிதாக ஒரு வாக்குமூலம் எழுதினேன். இந்த முறை 'மேற்படி', 'தமது', 'வைத்தமையால்' எதுவும் இல்லை. வியாழக்கிழமை கேன்டீனில் கூட்டம் கலைந்த பிறகு, அக்காவை எதிரே உட்கார வைத்துப் படித்துக் காட்டினேன். அந்த சப் இன்ஸ்பெக்டர் மாதிரி நிதானமாகப் படிக்க எனக்கு வரவில்லை, வேக வேகமாகப் படித்தேன். அக்கா ரசம் ஊற்றின சோற்றைப் பிசைந்தபடி கேட்டார்.

"நிறுத்து" என்றார் ஓரிடத்தில். "சூபர்வைசரு கட்டை போடச் சொன்னாருன்னு எழுதியிருக்க. அவரு வாயால சொல்லலியே."

"எல்லாருக்கும் தெரியுமேக்கா."

"தெரியும். ஆனா சொல்லல. எடுக்கவும் சொல்லல. அப்டியே எழுது. கட்டை போட்டது நானு, அதியும் எழுது. இன்னும் ஜாஸ்தி அடிக்கணும்னு நெனச்சுதான் போட்டேன்."

திருத்தினேன். முழுதும் படித்து முடித்தேன். அக்கா கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"ஒண்ணு விட்டுப்போச்சு" என்றார். "கட்டை எங்க போச்சுன்னு இல்லியே."

நான் பேனாவை மூடினேன்.

"மேனேஜரு எடுத்த போட்டோவுல பட்டன் சுத்தமா இருக்கும். கட்டை இருந்துச்சுன்னு இதுல நான் சொல்றேன். ரெண்டையும் வெச்சிப் பாக்கறவன் இன்னா சொல்லுவான்? பர்மனென்டுக்காக ரெண்டரை வருசம் கழிச்சி வந்து பொய் சொல்றாள்னுதான சொல்லுவான்?"

விபத்தன்று அக்கா தரையில்தான் உட்கார்ந்திருந்தார், நான் கட்டையை எடுத்ததைப் பார்த்திருக்கிறார். யார் எடுத்தது என்று அவர் கேட்கவில்லை. எங்கே போச்சு என்றுதான் கேட்டார். நான் சொல்லாமல் விட்டால் இந்தக் காகிதத்தில் பொய்க்காரி அக்காதான். சொன்னால் என் வேலைக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. என் சம்பளத்தை நம்பி வீட்டில் பாதி கட்டி நிற்கிற சுவர் ஞாபகத்துக்கு வந்தது. பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தேன். கேன்டீன் அம்மா மேஜை துடைத்துக்கொண்டு பக்கத்து மேஜை வரை வந்துவிட்டார்.

'வலது பட்டனில் இருந்த பச்சை நிறக் கட்டையை, போட்டோ எடுப்பதற்கு முன்னால் நான் எடுத்து ஒளித்தேன். அது என்னிடம் இருக்கிறது' என்று என் பெயர் போட்டுத் தனித் தாளில் எழுதினேன். அதையும் படித்துக் காட்டினேன். அக்கா தலையாட்டினார். பிறகு தன் தாளை இழுத்து, பேனாவைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து, சுண்டுவிரலால் தாளை அழுத்திக்கொண்டு கையெழுத்துப் போட்டார். இனிஷியலோடு முழுப் பெயர். நேரம் பிடித்தது. எழுத்து என்னுடையதைவிடக் குண்டாக, நேராக இருந்தது.

இரண்டு தாளையும் கட்டையையும் கொண்டுபோய் ஆபீசில் மனிதவள அதிகாரி மேஜையில் வைத்தேன். அவர் படித்தார். கட்டையைப் புரட்டிப் பார்த்தார்.

"இவ்வளவு நாள் கழிச்சு இப்ப ஏன் மேடம்?"

"ஒரு சீரியல் பார்த்தேன் சார்."

கிண்டல் செய்கிறேன் என்று நினைத்துவிட்டார். நான் கிண்டல் செய்யவில்லை.

விசாரணை என்று மூன்று நான்கு நாள் கூப்பிட்டார்கள். சூபர்வைசர் தனக்கு எதுவும் தெரியாது என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற ஆள். ஆனால் கட்டை மேஜையில் இருந்தது. ஆயுத பூஜையன்று யாரோ போனில் எடுத்த படம் ஒன்றும் வந்து சேர்ந்தது. பொட்டு வைத்த கட்டைகள், பக்கத்தில் பொரித் தட்டோடு அவர். அடுத்த மாதம் நோட்டீஸ் போர்டில் லிஸ்ட் ஒட்டினார்கள். அக்கா பெயர் கடைசிக்கு இரண்டு பெயர் முன்னால் இருந்தது. அக்கா அதை ஒரு தரம் படித்துவிட்டு, என் கையைப் பிடித்து, "நீ படி" என்றார். நான் சத்தமாகப் படித்தேன்.

எல்லோருக்கும் இதில் சந்தோஷம் என்று சொல்ல முடியாது. பட்டனுக்கு மேல் கட்டை செருக முடியாதபடி மூடி போட்டுவிட்டார்கள். டார்கெட் மட்டும் குறையவில்லை. "ஒழுங்கா போய்க்கினு இருந்தது, இப்ப பேஜாரு புடிச்சிப்போச்சு" என்று பிரஸ் பிரிவில் பாதிப் பேர் என்னோடு பேசுவதில்லை. பஸ்ஸில் என்னைப் பற்றியும் அபிப்பிராயங்கள் உண்டு. முடிந்துபோன கேஸை எதற்கு நோண்ட வேண்டும் என்று ஸ்டோர்ஸ்காரர் கேட்டாராம். முலாம் அண்ணன் என் முகத்துக்கு நேராகவே, "எபிசோடு நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா கொஞ்சம் லேட்டு" என்றார். அதையும் பெரியபாளையம் தாண்டின பிறகுதான் சொன்னார். லேட்டு என்பதில் எனக்கு மறுப்பு இல்லை.

லிஸ்ட் ஒட்டின அதே வாரம் எனக்கு மெமோ வந்தது. வேலை போகவில்லை. பதிவேடு எழுதுகிற பொறுப்பை எடுத்துவிட்டார்கள், ஒரு வருஷத்துக்குச் சம்பள உயர்வு கிடையாது. மனிதவள அதிகாரி தாளை என் பக்கம் தள்ளி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை விரலால் காட்டினார்.

"படிச்சுக் காட்டுங்க சார்" என்றேன்.

"உங்களுக்குப் படிக்கத் தெரியாதா மேடம்?"

"தெரியும் சார். நீங்க படிங்க."

அவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் படிக்க ஆரம்பித்தார். மூன்றாவது வரியில், 'தங்களது கவனக்குறைவினால் விபத்து குறித்த தடயம் அகற்றப்பட்டுள்ளமை' என்று வந்தது. நல்ல வாக்கியம். நான் எழுதியிருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

"கவனக்குறைவு இல்ல சார்" என்றேன். "தெரிஞ்சேதான் எடுத்தேன். அந்த வார்த்தையை அடிச்சுட்டு மாத்தி எழுதுங்க."

அப்படி எழுதினால் எனக்குத்தான் கெடுதல் என்றார். பரவாயில்லை, எழுதுங்கள் என்றேன். அவர் பேனாவை எடுத்து அந்த வார்த்தையை அடித்தார்.